ரேடியோ ஏன் பேசவில்லை

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீ, மாமா, உன் மாமியார், முக்கியமாக உன் மகள், நம் ரேடியோ, எல்லோரும் சௌக்கியமா? மாமியாரின் முழங்கால் வலி குறைந்ததா?

வேலை கிடைத்துவிட்டது. மூன்றாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. ஒரு வருடம் தற்காலிகம். ஏப்ரலில்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ‘வே’ என்று ஆரம்பிப்பதற்குள் நீ “வேலையா? கெடைச்சிருச்சா? எந்த ஸ்கூலு? எப்ப சேரணும்?” என்று கேட்டு, பதிலையும் நீயே சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில் எனக்குத் திக்குவதில்லை. குறுக்கே புக உனக்கும் வழியில்லை. ஆகவே வழக்கம்போலக் கடிதம்தான்.

நேர்முகத்தில் தலைமையாசிரியை முதலில் என் பெயரைக் கேட்டார். உனக்குத் தெரியும், உலகத்திலேயே எனக்குக் கஷ்டமான சொல் அதுதான். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். அவர் சான்றிதழைப் பார்த்து அவரே வாசித்துக்கொண்டார். பிறகு, “மார்க்கெல்லாம் பிரமாதம். ஆனா பேச்சு...” என்று இழுத்தார். அவர் பாதியில் விட்டதை நான் முடித்து வைக்கவில்லை. எனக்கு மரியாதை தெரியும்.

வகுப்பில் எனக்கு எமன், காலையில் வருகை எடுப்பது. மற்ற நேரத்தில் ஒரு சொல் அடைத்தால் பக்கத்துச் சொல் வழியாகப் போய்விடுவேன். ‘தண்ணீர்’ வராவிட்டால் ‘குடிக்க ஏதாவது’. ஆனால் ஒரு பையனின் பெயருக்குப் பக்கத்துப் பெயர் ஏது? அதனால் வேறு ஏற்பாடு செய்தேன். ஒவ்வொருவராக எழுந்து தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். கூடவே, வரும் வழியில் பார்த்த ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் குறித்துக்கொள்வேன். நேற்று ஒருத்தி, சொந்தமாகக் குடை வைத்திருக்கும் நாயைப் பார்த்ததாகச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை.

முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: “எனக்குச் சொல் வர நேரமாகும். நீங்க இருக்கணும். உங்களுக்கு நேரமானா நான் இருப்பேன். யாரு ஆரம்பிச்சாலும் அவங்கதான் முடிக்கணும்.” எங்கள் வகுப்புக்கு இந்த ஒரு சட்டம்தான்.

விடுமுறையில் ஒரு மாதம் என் அறையில் ஒலிபரப்பிய ரேடியோ ஊருக்குத் திரும்பியதிலிருந்து அறை வெறிச்சென்று கிடக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்கிறது. இன்றைய செய்திகளை அவளிடம் கேட்டு எழுது.

உன் தங்கை.


ஜூன் 30

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி மாமியாரை விட்டுவிட்டு இப்போது என்னிடம் வந்திருக்கிறது, அவர் சொல்லச் சொல்லக் கேட்டே. நீ வேளைக்குச் சாப்பிடு.

வேலை கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் மாமா, “பேசாத பொண்ணுக்குப் பேசற வேலை குடுத்திருக்காங்க, தாராள மனசுதான்” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னது, கோபித்துக்கொள்ளாதே.

ரேடியோ முதல் வகுப்பில் சேர்ந்தாயிற்று. முதல் நாளே அவள் டீச்சரிடம், “எங்க சித்தியும் டீச்சர்தான். ஆனா உங்கள மாதிரி கத்த மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. ராத்திரி தூக்கத்திலும் பேச்சு நிற்பதில்லை. மாமியார், “இதுக்கு அணைக்கிற பொத்தான வைக்க மறந்துட்டியே” என்கிறார்.

ஒன்று சொல்கிறேன், கேள். பிள்ளைகளிடம் சொன்னது போதும், பெரியவர்களிடம் போய்ச் சொல்லிக்கொண்டு நிற்காதே. பெற்றோர் கூட்டம் என்று வந்தால் பக்கத்து வகுப்பு டீச்சரைப் பேசச் சொல். ஏப்ரல் வரை வாயை அடக்கிக்கொண்டிருந்தால் நிரந்தரம் ஆகிவிடும். பிறகு உன் இஷ்டம். சின்ன வயதில் உனக்காகக் கடையிலும் பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் நான் பேசினேன். இப்போது கூட இருக்க முடியவில்லையே என்றுதான் கவலை.

உன் அக்கா.


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், இருமல் தவிர. உங்கள் அனைவரின் நலமும் அறிய ஆவல். ரேடியோவின் டீச்சருக்கு என் அனுதாபங்கள்.

நீ சொன்னதற்கு நேர்மாறாக நடந்துகொண்டேன். பெற்றோர் கூட்டத்தில் நானே பேசினேன். ஒரு மாணவியின் அப்பா, பெரிய கடை வைத்திருப்பவர், கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். “உங்க பொண்ணு கணக்குல ம...” என்று நின்றேன். “மந்தமா? அதான் எனக்கும் தெரியுமே. டியூஷன் வெச்சிடறேன்” என்று எழுந்துவிட்டார். “மத்தவங்களைவிட வேகம்” என்று நான் முடிப்பதற்குள் அவர் வாசல்வரை போய்விட்டார். அந்தப் பெண் என்னையும் அப்பாவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன்.

ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். நான் வாயைத் திறந்தால் மூன்று பேர் ஏலம் எடுப்பதுபோல ஆளுக்கொரு சொல்லை நீட்டுகிறார்கள். எனக்கு வேண்டியது ‘ஜன்னல்’. அவர்கள் தருவது ‘ஜலதோஷம்’. எல்லோரும் நல்லவர்கள், அக்கா. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவர்கள் உதவி செய்கிறார்கள். என் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி, தங்கள் சொல்லைத் திணித்துவிட்டு, நன்றிக்காகப் பார்க்கிறார்கள்.

நான் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்தால் போதும். ஒரு தேநீர் ஆறும்வரை காத்திருப்பவர்களுக்கு ஒரு சொல் வரும்வரை காத்திருக்க ஏன் முடியவில்லை? இந்த முப்பது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். வளர்ந்து ஆளான பிறகும் இவர்கள் காத்திருந்தால், எனக்குப் பிறகு வரும் ஒருத்தி தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வாள். என் ஆசை அவ்வளவுதான். அது பேராசையாகவும் எனக்குப் படவில்லை.

நீ எனக்காகப் பேசியதை எழுதியிருந்தாய். அன்பாகத்தான் செய்தாய். ஆனால் ஒன்று: கடையில் நீ எனக்கு எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொடுத்தாய். எனக்கு எலுமிச்சைதான் பிடிக்கும்.

உன் தங்கை.


ஆகஸ்ட் 26

தங்கைக்கு,

நலம். வேலை மேல் வேலை. பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. எலுமிச்சை மிட்டாயைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

குழந்தை நன்றாக இருக்கிறாள். ரொம்பச் சமர்த்தாகிவிட்டாள். முன்போல வளவளவென்று இல்லை. இப்போது அவளை யாரும் ரேடியோ என்று கூப்பிடுவதுகூட இல்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தால் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

சும்மாதான் கேட்கிறேன்: உனக்கு எந்த வயதில் ஆரம்பித்தது? அம்மா இருந்தால் கேட்டிருப்பேன். விடுமுறையில் அங்கே இருந்தபோது குழந்தை உன்னைப்போலப் பேசிக் காட்டி விளையாடினாளா? நினைவிருந்தால் எழுது. அவசரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா.


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுதான் கொதிக்கிறது.

அந்தக் கடைக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். அவர் மகள் வீட்டில் திக்கிப் பேசுகிறாளாம். “நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருந்தா ஒட்டிக்காதா? நாங்க கட்டணம் கட்டறது எதுக்கு?” என்று தலைமையாசிரியையின் அறையில் நின்று கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னை மேசை நாற்காலி மாதிரி வைத்துக்கொண்டு பேசினார்கள். உண்மை என்ன தெரியுமா? அந்தப் பெண் வீட்டில் ‘வகுப்பு விளையாட்டு’ விளையாடியிருக்கிறாள். பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, டீச்சராக நின்று, என்னைப்போலவே நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கிறாள். ஒரு டீச்சர் என்றால் இப்படித்தான் பேசுவார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டைப் புகாராக எழுதிக் கொடுத்திருக்கிறார் அவள் அப்பா.

திக்குவது சளியா, சொறியா, ஒட்டிக்கொள்ள? படித்த மனிதர்கள் இதைக் கேட்கிறார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டவும் படித்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

நேற்றிலிருந்து எனக்கு வகுப்பு இல்லை. நூலக அறையில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன். “கொஞ்ச நாளைக்குத்தாம்மா. பிள்ளைங்க நல்லதுக்காக” என்றார் தலைமையாசிரியை.

நீ கேட்டதற்குப் பதில்: எனக்கு நாலரை வயதில் ஆரம்பித்தது. யாரிடமிருந்தும் ஒட்டவில்லை. நம் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. ரேடியோ என்னைப்போலப் பேசிக் காட்டவில்லை. அவள் பேசினாள், நான் கேட்டேன். நான் பேசியபோது அவள் என் முழங்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஏன் கேட்டாய்?

உன் தங்கை.


செப்டம்பர் 30

அக்கா,

நலம்தானே? என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. கடிதம் தவறிப்போயிருந்தால் மறுபடியும் கேட்கிறேன்: ஏன் கேட்டாய்?

நூலகச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் வகுப்பு. புது டீச்சர் பெயர் வாசிக்க ஆரம்பித்தால், பிள்ளைகள் அதற்கு முந்தி எழுந்து தங்கள் பெயரைச் சொல்லி, வழியில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அவர் மேசையைத் தட்டுகிறார். மறுநாளும் அதேதான். சுவரில் காதை வைத்துக்கொண்டு அட்டை போடுகிறேன்.

அடுத்த மாத விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். ரேடியோவிடம் சொல்.

தங்கை.


அக்டோபர் 11

தங்கைக்கு,

எல்லோரும் நலம். நீ வருகிறேன் என்று எழுதியதில் சந்தோஷம். ஆனால் இந்த விடுமுறை வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், தூசியில் உன் இருமல் அதிகமாகும். மாமியாருக்கும் முழங்கால் மோசம். தவிர, குழந்தைக்குப் பரீட்சை வருகிறது. யாராவது வந்தால் கவனம் சிதறும். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

வேலையை விட்டுவிடாதே. நூலகமும் நல்ல வேலைதான். பேச வேண்டியதில்லை.

அக்கா.


அக்டோபர் 16

அக்கா,

நலமா என்று இந்த முறை கேட்கமாட்டேன். கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய்.

என்னை வராதே என்று சொல்ல உனக்கு மூன்று காரணம் தேவைப்பட்டிருக்கிறது. முதல் வகுப்புக் குழந்தைக்குக் கவனம் சிதறுகிற அளவுக்குப் பரீட்சையா? கடையில், பஸ்ஸில், எங்கேயும் ஒரே காரணத்தோடு ஜெயித்தவள் நீ. பொய் சொல்லத்தான் உனக்கு எப்போதும் கூட்டம் சேர்க்க வேண்டியிருக்கும்.

ரேடியோ ஏன் பேசவில்லை? அவளுக்குத் திக்குகிறது. அதுதானே? என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று உன் வீட்டில் சொல்கிறார்கள். நீ நம்பினாயா, இல்லை நம்புகிறவர்கள் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தாயா? எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கடைக்காரர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நீ வெள்ளையடிக்கிறேன் என்று எழுதுகிறாய்.

இங்கே என்ன நடக்கிறது என்று கேள். தலைமையாசிரியை ஒரு கடிதத்தைத் தானே தயாரித்து என்னிடம் நீட்டினார். ‘என் சொந்த விருப்பத்தின்பேரில் வகுப்பிலிருந்து நூலகத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ கையெழுத்துப் போட்டால் ஏப்ரலில் நிரந்தரமாம். என் பேச்சை முடித்துவைத்தது போதாமல் என் விருப்பத்தையும் அவரே எழுதி முடித்திருக்கிறார். நான் கையெழுத்துப் போடவில்லை. ‘இது என் விருப்பமில்லை’ என்று சொல்ல ஆரம்பித்தேன். “இப்ப வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசிச்சு...” என்றார். கையைக் காட்டி நிறுத்தினேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன். மணி அடித்தது, பிள்ளைகள் வெளியே போனார்கள், திரும்பி வந்தார்கள். நான் முடிக்கும்வரை அவர் இருந்தார். வேறு வழியில்லை, கதவுப் பக்கம் நான் இருந்தேன்.

நிரந்தரம் போனாலும் போகட்டும். எனக்கு என் வகுப்புதான் வேண்டும்.

நீ எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அவள் சொல்லை மட்டும் பிடுங்காதே. ஆறு வயது அவளுக்கு. பேசாமல் இருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதை அவள் இப்போதே கண்டுபிடித்திருப்பாள். நானும் அந்த வயதில்தான் கண்டுபிடித்தேன். அதற்குச் சமர்த்து என்று பெயர் வைத்திருக்கிறாய்.

தங்கை.


டிசம்பர் 5

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். தினமும் எடுத்துப் படித்தேன். பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீ எழுதியது எல்லாம் சரி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆரம்பித்தது. முதலில் ‘த’, பிறகு எல்லாம். மாமியார் அன்றே சொல்லிவிட்டார், “அங்க கொண்டுபோய் விட்டீங்க இல்ல, கூடவே கொண்டுவந்துட்டா.” உன் மாமா, சொல்லைச் சரியாகச் சொன்னால்தான் சோற்றுத் தட்டு என்றார். அவள் ‘தட்டு’ என்று சொல்ல நின்றுகொண்டே இருந்தாள். சோறு ஆறியது. நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தேன்.

பள்ளியில் பாட்டு ஒப்பிக்கும் நாளில் அவளைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். இப்போது அவள் கையைக் காட்டித்தான் எல்லாம் கேட்கிறாள். காட்டுவதற்கு முன்னால் நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். உனக்குச் செய்ததைத்தான் செய்கிறேன். எனக்கு வேறு தெரியாது.

நீ வந்தால் ஒட்டும் என்று நான் நினைக்கவில்லை. நீ வந்தால் உன்னெதிரிலேயே அவர்கள் அதைச் சொல்வார்கள், நான் அப்போதும் சும்மா நிற்பேன். நீ அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் எழுதினேன்.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நேற்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.

வேலை என்ன ஆயிற்று? சாப்பிடுகிறாயா?

அக்கா.


டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். இருமல் போய்விட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சோற்றை வைத்து ஒரு குழந்தையிடம் சொல் பிடுங்குகிறவரை எங்கள் ஊரில், உங்கள் ஊரில், எந்த ஊரிலும் அப்பா என்று சொல்லமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன். நீ கொடுக்க வேண்டும். நீ கொடுத்தால்தான் அதற்கு அர்த்தம்.

என் வகுப்பு திரும்பக் கிடைத்தது. நியாயம் என்று தரவில்லை. புது டீச்சர் “இந்தப் பசங்க பேரையே வாசிக்க விட மாட்டேங்கறாங்க” என்று வேறு வகுப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார். “ஏப்ரல் வரைக்கும் பார்க்கலாம்” என்றார் தலைமையாசிரியை, பிச்சை போடுகிற முகத்தோடு. நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திக்கியதால் இல்லை.

உள்ளே நுழைந்ததும் யாரும் கைதட்டவில்லை. முதல் வரிசைப் பையன் எழுந்து தன் பெயரைச் சொன்னான். கடைக்காரர் மகள் கடைசியாக எழுந்தாள்: “வர்ற வழியில எங்க டீச்சரப் பார்த்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போன் செய்கிறேன். ஆமாம், நான்தான். போனை ரேடியோ கையில் கொடுத்துவிட்டு நீ அறையை விட்டு வெளியே போ. எவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தாலும் உள்ளே வராதே.

உன் தங்கை.


ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம் பாதி, சண்டை பாதி. உன் கடிதத்தை மாமா கையில் கொடுத்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் குழந்தைக்குத் தட்டு தானாக வருகிறது. மாமியார், “தங்கச்சி எழுத, அக்கா குடுக்க, நல்லா இருக்கு குடும்பம்” என்றார். “நல்லாத்தான் இருக்கு” என்றேன். அவரை நான் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் முறை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் கேட்டாய். இந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன். போனை அவள் காதில் வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போனை வாங்கி, “அவளுக்கு ஒடம்பு சரியில்லடி, அப்புறம் பேசு” என்று சொல்லி முடித்துவிடத்தான் கால் துடித்தது. உன் மாமாவும் வந்து நின்றார். “என்ன, பேசறாளா?” என்றார். சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

நீ ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய், நடுவில் உனக்கு அடைத்திருக்கிறது. அப்போதுதான் அவள் குரல் கேட்டது. நான்கு மாதத்துக்குப் பிறகு முழுசாக. “நீ மு... மு... முடி சித்தி. நா இருக்கேன்.”

உன் மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இந்த முறை பாட்டு ஒப்பிக்கப் பெயர் கொடுக்க வேண்டும் என்றேன். டீச்சர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குனிந்து, “நீ பாடுவியாம்மா?” என்றார். அவள் ‘பா’ என்று ஆரம்பித்து நின்றாள். டீச்சர் உடனே, “பாவம், பயமா இருக்கா? வேணாம்னா...” என்றார். என் வாயிலும் சொல் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு டீச்சரிடம், “அவ ஆரம்பிச்சிருக்கா. அவதான் முடிப்பா. இருங்க” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இருந்தோம். அவள் முடித்தாள்.

திரும்பும் வழியில் கடையில் அவளை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் நின்றேன். வரிசையில் இருந்த ஒருவர் முணுமுணுத்தார். திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேன். மிட்டாய் எலுமிச்சையா ஆரஞ்சா என்று நான் சொல்லப்போவதில்லை. நீயே அவளிடம் கேள். ‘சித்திக்கு வேற என்ன எழுதட்டும்’ என்று இப்போது கேட்டேன். பேனாவை என்னிடமிருந்து நகர்த்தி வைத்துவிட்டு, “நா... நானே சொல்லிக்கிறேன்” என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். நான் வெளியே நிற்கிறேன்.

உன் அக்கா.